ஆகாய கங்கையில் மார்கழி வெளிச்சம்: அருவி ஏன் சுண்ணாம்பாகிறது?

கேள்வி: போன டிசம்பரில் கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போனோம். ஆயிரம் படிக்கு மேல் இறங்கி எடுத்த படங்களில் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளைத் திட்டாக இருக்கிறது. பாறை கன்னங்கரேல் என்று கிடக்கிறது. இன்னும் சில படங்களில் எல்லாமே நீலம் பூசியதுபோல. என்னிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ். பட்டுப்போல அருவி எடுக்க என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வாங்கித்தான் ஆக வேண்டுமா? (சேலம் வாசகர்)

பதில்: கீழே போய்ச் சேர்ந்தபோது மணி என்ன? உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பதினொன்றைத் தாண்டியிருக்கும். அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, அப்புறம் படி இறங்கினால் எல்லோருக்கும் அந்த நேரம்தான் ஆகும். அதற்குள் வெயில் அருவியின் பாதியில் விழுந்திருக்கும், மீதி நிழலில் இருக்கும். சுண்ணாம்புச் சங்கதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். பள்ளத்தின் நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை; எண் ஏறினால் துளை சிறுக்கும்) 11 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/4 அல்லது 1/8 நொடிக்கு வரும். அதே அமைப்பில் வெயில் விழுந்த இடத்துக்கு 1/250 வேண்டும். அதாவது ஒரே சட்டகத்துக்குள் முப்பது, அறுபது மடங்கு வித்தியாசம். வெயிலில் இருப்பது வெள்ளைத் தண்ணீர், நிழலில் இருப்பது நனைந்த கரும்பாறை என்றால் இடைவெளி இன்னும் அகலம். கேமரா பாறைக்கு ஏற்ப அளந்தால் தண்ணீர் வெளுத்துவிடும், தண்ணீருக்கு ஏற்ப அளந்தால் பாறை மூழ்கிவிடும். எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது.

சரிசெய்வது காத்திருப்புதான். அதற்கு மார்கழி நல்ல மாதம். டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. நடுப்பகலில்கூட கொல்லிமலையில் சுமார் 55 டிகிரி உயரம்தான். சித்திரையில் உச்சந்தலைக்கு வருகிற அதே சூரியன்! சாய்ந்த வெயில் மலைச்சுவரைத் தாண்டி இறங்க நேரம் பிடிக்கும், அதனால் பள்ளத்தில் நிழல் வெகுநேரம் தங்கும். நுழைவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தைய நாளே விசாரித்துவிட்டு முதல் ஆளாக இறங்குங்கள். வெயில்கோடு மேலே பாறை விளிம்பில் இருக்கும். கீழ்நோக்கி நகர்வது கண்ணுக்கே தெரியும். அது தண்ணீரைத் தொடும் முன்பு உள்ள கடைசி இருபது நிமிடம் எனக்குப் பிடித்தது. மேலே ஒளிபட்ட மரங்களிலிருந்து சிதறி வரும் வெளிச்சம் நிழலை மெதுவாகத் தூக்கிக் கொடுக்கும். பனிமூட்டமோ மேகமோ இருந்தால் இந்த அவசரமெல்லாம் இல்லை, பகல் முழுக்க எடுக்கலாம்.

அளக்கும்போது தண்ணீரின் வெள்ளையைக் காப்பாற்றுங்கள். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-க்கு இறக்கி, ஹிஸ்டோகிராம் (திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். ராவ் கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். இருண்ட பாறையைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். வெளுத்துப்போன தண்ணீரை மீட்க வழியே இல்லை.

நீலத்துக்குக் காரணம் வேறு. நிழலில் உள்ள பாறைக்கு வெளிச்சம் தருவது தலைக்கு மேலே தெரியும் நீல வானம். வைட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பு) ‘ஷேடு’ அடையாளத்தில் வையுங்கள், ஏறக்குறைய 7000 கெல்வின். ஆனால் நீலத்தை முழுக்கத் துடைக்காதீர்கள். கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் படத்தில் குளிர் தெரியும். மஞ்சள் தட்டிய அருவிப் படங்கள் மே மாதம் எடுத்தவை போல இருக்கும்.

இப்போது என்டி ஃபில்டர். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: நிழலில் ஃபில்டர் இல்லாமலே 1/4 நொடி கிடைக்கிறது. அதற்குமேல் எதற்கு? சுமார் 300 அடி நேராக விழும் அருவி இது. இரண்டு நொடி திறந்து வைத்தால் காயப்போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடும். எனக்கு 1/8-லிருந்து 1/4 வரை பிடிக்கும், இழை இழையாகத் தெரியும், விழுகிற வேகமும் இருக்கும். அடியில் தண்ணீர் பாறையில் மோதிச் சிதறுவதை எடுக்க வேண்டுமானால் நேர்மாறாக ஷட்டரை வேகமாக்குங்கள், 1/500-க்கு மேல். எஃப் 22 வரை மூடி ஷட்டரை நீட்டுவதும் வேண்டாம், படம் மழுங்கும்.

காசு செலவழிப்பதென்றால் சிபிஎல் (சுழற்றக்கூடிய போலரைசர் ஃபில்டர்) வாங்குங்கள். நனைந்த இலையிலும் பாறையிலும் வெள்ளையாக மினுங்கும் பிரதிபலிப்பை அது எடுத்துவிடும். பாசியின் பச்சை அப்போதுதான் வெளியே வரும். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் விழுங்கும் என்பதால் 1/8 தானாக 1/3-க்கு அருகே வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: வானவில் தெரிந்தால் ஃபில்டரைச் சுழற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். தவறான கோணத்தில் சிபிஎல் வானவில்லையே அழித்துவிடும். கண்ணால் பார்த்த வில் படத்தில் எங்கே என்று வீட்டில் தேடியவன் நான். டிசம்பரில் காலை பத்துக்கு முன்பும் மதியம் இரண்டரைக்குப் பின்பும் சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருக்கும். அப்போது சாரலில் வெயில் பட்டு, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் வில் கிடைக்கும்.

சாரல் இருக்கிறதே, அது வேறு தொல்லை. அருவிக்கு எதிரே நின்றால் ஐந்து நொடியில் லென்ஸ் முழுக்கத் திவலை. லென்ஸைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்து, டைமரை இரண்டு நொடிக்கு வைத்து, துடைத்து, நிமிர்த்தி, உடனே எடுங்கள். நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி வேண்டும். நனைந்த துணியால் துடைத்தால் கண்ணாடியில் கோடுதான் விழும். ஏசி காரிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படிவது இன்னொன்று. பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் போதும், படி இறங்கும் நேரமே சரியாக இருக்கும்.

ட்ரைபாட் காலை ஓடும் தண்ணீரில் ஊன்றாதீர்கள், அதிர்வு நேராகப் படத்தில் வரும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசரையும் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். யாராவது சிவப்புத் துண்டோடு குளிக்க இறங்கினால் விரட்ட நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து முகம் தெரியாமல் ஓரத்தில் வைத்து எடுங்கள். அந்த ஒரு துளிச் சிவப்பு இருந்தால்தான் 300 அடி எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் புரியும்.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் கலங்கல் தெளிந்து நீர்வரத்தும் நன்றாக இருக்கும். கீழே இருக்கும்போது மேலே மலையில் மழை பெய்வது உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ ட்ரைபாடை மடிக்கக்கூட நிற்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு படியேறிவிடுங்கள்.