ஸ்டாரை ஸ்டாராகவே அச்சிட என்ன வழி?

கேள்வி: வினாத்தாள் தயாரிக்க நானே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். இரண்டு ஸ்டாருக்கு நடுவில் வருவது தடித்த எழுத்து, இரண்டு அண்டர்ஸ்கோருக்கு நடுவில் வருவது அடிக்கோடு. ஆனால் ‘5*3*2 எவ்வளவு?’ என்று அடித்தால் தாளில் 532 என்று வருகிறது! ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ பகுதியில் ____ மொத்தமாகக் காணாமல் போகிறது. குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டால் விட்டுவிடும்படி செய்தேன். பேக்ஸ்லாஷையே அச்சிட வேண்டிய இடத்தில் குழம்புகிறது.
- கணக்கு ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பேக்ஸ்லாஷ் நல்ல தேர்வுதான், இதேபோல் குறிகளை வைத்து எழுத்தை வடிவமைக்கும் முறையாக 2004-இல் வந்த மார்க்டவுனிலும் அதே வழக்கம். நீங்கள் வரி முழுவதிலும் ‘தேடு, மாற்று’ கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், சிக்கல் அங்கேதான். \\*குறிப்பு* என்ற வரியைப் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்து ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் வருவது தடிப்பைத் தொடங்கும் ஸ்டார். மாற்றும் கட்டளையோ இரண்டாவது பேக்ஸ்லாஷை ஸ்டாரோடு ஜோடி சேர்த்துவிடும். சரி, \\ என்பதை முதலில் \ ஆக்கிவிடலாம் என்றால், மிஞ்சிய அந்த ஒன்றும் ஸ்டாரோடுதான் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் மாற்றுவதை விட்டுவிட்டு, இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்த குறியை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டையும் தாண்டிப் போய்விட வேண்டும், தாண்டியதைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. அடுத்து வருவது குறியாக இல்லாமல் சாதாரண எழுத்தாகவோ வரியின் முடிவாகவோ இருந்தால் பேக்ஸ்லாஷ் அச்சில் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன்: கூட வேலை செய்யும் ஆசிரியர்களை \_\_\_\_ என்று அடிக்க வைக்காதீர்கள். அண்டர்ஸ்கோர் இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் அது கோடிட்ட இடம், இரண்டு எண்களுக்கு நடுவில் ஒட்டி வரும் ஸ்டார் பெருக்கல் என்று விதி வைத்துவிட்டால் உங்கள் இரண்டு தொல்லையும் பேக்ஸ்லாஷ் இல்லாமலே தீரும். அதற்காக பேக்ஸ்லாஷை எடுத்துவிட வேண்டாம், இயற்கணிதத்தில் அ*ஆ*இ என்று வந்தால் அந்த விதி உதவாது.

கோப்பில் சேமிக்கும்போது ஆசிரியர் அடித்ததை அடித்தபடியே வையுங்கள். பேக்ஸ்லாஷை நீக்கிவிட்டுச் சேமித்தால், அடுத்த வருடம் அதே தாளைத் திறந்து அச்சிடும்போது அ*ஆ*இ மறுபடியும் அஆஇ ஆகிவிடும்.