ஸ்கார்பரோவில் மகளுக்கு முதல் மீன் தொட்டி, 100 டாலருக்குள்

சென்னையிலிருந்து கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, ஆறு வயது மகள் மீன் வேண்டுமென்று நிற்கிறாள், 100 டாலருக்குள் எல்லாம் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளில் கண்ணாடிக் கிண்ணமும் இரண்டு கோல்ட்ஃபிஷும் வாங்கி அன்றைக்கே வீட்டில் வைக்கிற கணக்கு இங்கே வேண்டாம். அங்கேயும் அந்த மீன்கள் எத்தனை நாள் இருந்தன என்பது வேறு விஷயம்.

பணத்தைத் தொட்டியில் மிச்சம் பிடியுங்கள். பழைய பொருள் விற்கிற கிஜிஜி தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும், முக்கியமாக மாதக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள், 10 காலன் தொட்டியை மூடி, ஃபில்டரோடு சேர்த்தே மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வாங்கி வந்ததும் குளியல் தொட்டிக்குள் வைத்து நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும், கீழ்வீட்டுக்காரர் கூரை நனைந்த பிறகு தெரியக் கூடாது. நிரம்பினால் ஏறக்குறைய 50 கிலோ வரும், ஆடுகிற டிவி ஸ்டாண்ட் மேல் வைக்காதீர்கள். கார்ட்டூன் படம் போட்ட ஒரு காலன் பெட்டியை மகள் கேட்பாள், பிடிவாதமாக மறுத்துவிடுங்கள். தண்ணீர் குறையக் குறைய சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஹீட்டரைப் புதிதாக வாங்குங்கள், 50 வாட் போதும். வீட்டுக்குள் 21, 22 டிகிரி நமக்குச் சரி, ஃபைட்டர், கப்பி மாதிரி சின்ன மீன்களுக்கு 25 போல இருந்தால் நல்லது. அப்புறம் வாட்டர் கண்டிஷனர், குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினை முறிக்கிற மருந்து. ஊரில் பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்போம். டொராண்டோவில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமைனாக விடுகிறார்கள், அது அப்படிப் போகாது. அதனால்தான் கண்டிஷனர், ஒரு சின்ன பாட்டிலே மாதக்கணக்கில் வரும். கடையில் ஒட்டியிருக்கிற விலைக்கு மேல் 13 சதவீதம் வரி ஏறும், அதையும் 100க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் கஷ்டமான பகுதி, மகளுக்கு. தொட்டி ஓடத் தொடங்கியதும் மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவது (அது அழுகி வரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு), அமோனியாவும் நைட்ரைட்டும் காட்டுகிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்ப்பது எல்லாம் மகள் வேலை. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மீன். தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் கொஞ்சம் கிடைத்தால் சீக்கிரம் முடியும். அந்த ஸ்பாஞ்சை மட்டும் குழாயில் கழுவிவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும்.

மீன் என்றால் ஒரே ஒரு ஃபைட்டர், இல்லையென்றால் நாலைந்து ஆண் கப்பி. இரண்டையும் சேர்க்க வேண்டாம். இங்கே தண்ணீர் கொஞ்சம் கடினமானது, கப்பிக்கு அது ஒத்துவரும். பெண் கப்பி ஒன்று வந்தாலும் குட்டிகளை யாரிடம் கொடுப்பது என்று அலைவீர்கள். கோல்ட்ஃபிஷுக்கு 10 காலன் பத்தாது, வளர்ந்த பிறகு பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய் விடுவதும் ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம்.

ஜனவரிக் குளிரில் மீன் வாங்கினால் மீன் இருக்கிற கவரை ஜாக்கெட்டுக்குள் வைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள். வழியில் காய்கறிக் கடைக்கு நிற்காதீர்கள்.