வாசகர் கேள்வி: அரக்கான் ஆர்மியும் கலாதான் பாதையும்

கேள்வி: மியான்மரின் அரக்கான் ஆர்மி யார்? அவர்கள் சண்டையிட்டால் இந்தியாவின் கலாதான் திட்டம் ஏன் சிக்கலாகிறது?
– வாசகர், திருச்சி

பதில்: ராக்கைன் மாநிலத்தின் பௌத்த ராக்கைன் மக்களுக்குத் தன்னாட்சி கேட்கும் ஆயுதக் குழு இது. 2009 ஏப்ரலில் தொடங்கியது, ஆனால் சொந்த மண்ணில் அல்ல. வடக்கு மியான்மரில் சீன எல்லையோரம் உள்ள லைசாவில், கச்சின் இனப் போராளிகளிடம் பயிற்சி பெற்று வளர்ந்தது. 2023 நவம்பரில் ராக்கைனில் பெரிய தாக்குதலைத் தொடங்கி, 17 வட்டங்களில் 14-ஐப் பிடித்துவிட்டது. 2024 டிசம்பரில் மாங்டா வீழ்ந்ததும் வங்கதேச எல்லை முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது.

கொல்கத்தாவை மியான்மர் வழியாக மிசோரமுடன் இணைக்கும் கலாதான் பாதையைப் படிப்படியாகப் பார்த்தால் சிக்கல் புரியும். கொல்கத்தாவிலிருந்து கப்பலில் சரக்கு ராக்கைனின் சித்வே துறைமுகம் வரும். அங்கே படகுக்கு மாற்றி, கலாதான் ஆற்றில் 158 கிலோமீட்டர் மேலேறி பலேத்வா போக வேண்டும். பிறகு லாரியில் 109 கிலோமீட்டர் மலைச்சாலை. அதன் முடிவில் மிசோரமின் சோரின்புய். சித்வே இன்னும் மியான்மர் ராணுவத்திடம். பலேத்வாவோ 2024 ஜனவரி முதல் அரக்கான் ஆர்மியிடம். ஒரே ஆற்றின் இரு முனையிலும் இரு எதிரிகள்! ஒருவரிடம் மட்டும் பேசி ஒரு மூட்டையைக்கூட நகர்த்த முடியாது.

ராக்கைனின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களை மறந்து இதைப் பேசக்கூடாது. ராணுவம் அவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. அரக்கான் ஆர்மி மீதோ அவர்களின் ஊர்களை எரித்ததாகக் கடுமையான குற்றச்சாட்டுகள். உயிர் தப்பியவர்கள் இப்போதும் எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசம் போகிறார்கள்.