ஆடி மழையில் ஒட்டிய கித்தார் மேல்பலகை ஏன் வெடிக்கிறது?

மார்த்தாண்டத்தில் ஆடி மழையில் செய்த கித்தார், கோடையில் மதுரைக்குப் போனதும் மேல்பலகை நீளவாக்கில் வெடித்ததற்குப் பசையைக் குறை சொல்லாதீர்கள்.

மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பலகை குறுக்குவாக்கில் விரிந்திருக்கும். அப்போதே பலகையின் அடியில் குறுக்கே தாங்கும் உள்சட்டங்களை ஒட்டிவிட்டால், வறண்ட காற்றில் பலகை சுருங்கப் பார்க்கும். சட்டமோ தன் நீளத்தில் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. 3 மி.மீ. தடிமன்கூட இல்லாத பலகை வேறென்ன செய்யும்?

ஒட்டும்போது காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் இருக்கட்டும், அதை அளக்கும் ஈரமானி கட்டாயம். அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு (மரத்தில் படாமல்), பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்குங்கள். தினமும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் சட்டங்களை ஒட்டி, கிளாம்போடு மறுபடி உள்ளேயே வையுங்கள். ஈட்டிமரப் பின்பலகைக்கும் இதே கதிதான்.