வாசலில் வசனம், அலமாரியில் வட்டி நோட்டு

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடுதுறைப் பக்கம். தலைமுறைகளாகச் சபையில் இருக்கும் குடும்பம். 'நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்' என்ற பலகை மாமனார் காலத்திலிருந்து வாசலில் தொங்குகிறது. என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். குத்தகை விவசாயிகளுக்கு மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்குக் கடனும் கொடுக்கிறார். வாங்கியவர்கள் அறுவடையானதும் நெல்லை எங்களுக்கே, மூட்டைக்கு 200 ரூபாய் குறைத்துப் போட வேண்டும். கணக்கு எழுதுவது நான்தான். என் 17 வயது மகன், "இந்த வீடு யாரைச் சேவிக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அடித்தாவது அழைத்துப் போவேன் என்கிறார் கணவர். பலகையைக் கழற்றிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், பையன்மேல் கை வைக்க விடாதீர்கள். பலகையில் உள்ள வார்த்தையைச் சொன்னவர், மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவா. அவர் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. சீகேமில் கோத்திரங்களையெல்லாம் கூட்டி, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். கர்த்தரையே சேவிப்போம் என்று ஜனங்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவரோ, உங்களால் முடியாது, அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்று மறித்தார். இல்லை, சேவிப்போம் என்று அவர்கள் உறுதியாக நின்ற பிறகே, அப்படியானால் உங்கள் நடுவில் இருக்கிற அந்நிய தேவர்களை அகற்றுங்கள் என்றார். யோர்தானைக் கடந்து, நிலம் பங்கிட்டு, இத்தனை காலம் ஆன பிறகும் அவை அவர்கள் நடுவில்தான் இருந்திருக்கின்றன! நாம் யோசுவா 24ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்று இரவு குடும்ப ஜெபத்தில் 23ஆம் வசனம் வரை வாசியுங்கள்.

இந்த வசனத்தின் மேல் கேட்கும் பிரசங்கங்கள் பலவும் பக்கத்துத் தெருக் கோயிலைப் பற்றிய எச்சரிக்கையாகவே முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் சோதனை அது இல்லையே. இயேசு நேராகவே சொன்னது இருக்கிறது: "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது."

உங்கள் கணவரிடமும் ஒரு நியாயம் இருக்கும். குத்தகைக்காரர் பெயரில் நில உரிமையைக் காட்டும் சிட்டா இல்லை. அவர்தான் பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் வாங்குவதற்குள் பருவம் தப்பிவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது. நான் கொடுக்காவிட்டால் நாற்று வயலுக்குப் போகாது என்பார். அது உண்மைதான். ஆனால் நோட்டை எடுத்து ஒரே ஒரு பக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். 20,000 ரூபாய் வாங்கியவருக்கு நான்கு மாதத்தில் வட்டி 4,000. ஏக்கரில் 30 மூட்டை கண்டுமுதல் என்றால், மூட்டைக்கு 200 வீதம் இன்னொரு 6,000. வாங்கிய கடனில் பாதி, ஒரே பருவத்தில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவருக்கு மிஞ்சுவது வைக்கோலும் அடுத்த கடனும். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டமே இல்லாவிட்டாலும், எளியவனிடம் வட்டி வாங்காதே என்று மோசேயின் பிரமாணம் சொல்கிறது.

இந்த மண்ணில் வேறு விதமாக வாழ்ந்து காட்டியவர் உண்டு. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. அரண்மனை பணம் தரும் என்று நம்பி வண்டி கட்ட விவசாயிகள் தயாராக இல்லை. அப்போது தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர், பணத்துக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகு நெல் உள்ளே வந்தது. அவர் யாரைச் சேவிக்கிறார் என்பதை அந்த விவசாயிகள் கொடுக்கல் வாங்கலில்தான் அறிந்திருந்தார்கள். அவர்களில் பலர் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டே இருக்க மாட்டார்கள்.

உங்களைப் பற்றியும் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தெடுக்க வேண்டியவர் கணவர் மட்டும்தான் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். பேனா உங்கள் கையில் இருக்கிறதே, அம்மா. இனி அந்த நோட்டில் நான் எழுத மாட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள். மகன் எதிரில் வேண்டாம்; தகப்பனைக் குனியவைத்து அவனை ஆலயத்துக்கு வரவழைக்க முடியாது. அவர் கோபப்படுவார். படட்டும். கோபம் ஆறியதும், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையை எடுங்கள். அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர். உங்கள் கணவரிடம் நான்கு மடங்கு கேட்கவில்லை. நெல் எங்களுக்குத்தான் என்ற நிபந்தனையை முதலில் விடட்டும். விவசாயி அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்குப் போட்டுவிட்டு வந்து அசலைக் கட்டட்டும். வட்டியைக் குறைப்பது அடுத்த பேச்சு.

மகனிடம், நீ சொன்னது சரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே, அப்பாவின் கணக்கைக் காட்டி உன் பதிலைத் தள்ளிப்போட முடியாது, நீ யாரைச் சேவிக்கப் போகிறாய் என்பதை நீயேதான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லுங்கள். அவன் யோசிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பலகை இருக்கட்டும். தை பிறந்தால் சம்பா அறுவடை. களத்துக்கு நெல் வந்துவிட்டால் பழைய நிபந்தனைதான் நடக்கும். அதற்கு முன்பே கணவரிடம் பேசிவிடுங்கள்.