இளம் வயதில் முதல் வீடு: வாடகையா, சொந்தமா?

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் வாடகை வீட்டிலேயே தொடர்வதா, கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீண்செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் வசிப்பீர்கள் என்பதற்கே நீங்கள் முதலில் விடை காண வேண்டும் என்பது என் கருத்து.

வாடகை திரும்பி வராது என்பது உண்மைதான். ஆனால் கடனுக்குக் கட்டும் வட்டியும், சொத்து வரியும், பராமரிப்புச் செலவும், வாங்கும்போது கொடுக்கும் பதிவுக் கட்டணமும்கூடத் திரும்பி வருவதில்லை. ஆகவே மாதத் தவணையையும் வாடகையையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியாகாது. தவணையில் அசலுக்குப் போகும் பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய வட்டியோடு மேற்சொன்ன செலவுகளையும், முன்பணமாகக் கொடுத்த தொகை வேறு முதலீட்டில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தையும் கூட்டி, அந்தத் தொகையோடுதான் வாடகையை ஒப்பிட வேண்டும்.

ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைக் கடன் கழியும் விதமே காட்டும். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிய 1,00,000 கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 900 ஆகும். முதல் தவணையில் 750 வட்டிக்கே போய்விட, அசலில் 150 மட்டுமே கழியும். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 54,000 கட்டி முடித்த பிறகும் அசலில் 11,300 அளவுக்குத்தான் குறைந்திருக்கும். அந்தக் கட்டத்தில் வேலை மாறி வீட்டை விற்க நேர்ந்தால், தரகும் விற்பனைச் செலவும் போக உங்கள் கையில் நிற்பது பெரும்பாலும் வீட்டின் விலை எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்தே அமையும். விலை இறங்கவும் கூடும். 20 விழுக்காடு முன்பணம் கொடுத்து வாங்கிய வீட்டின் விலை 10 விழுக்காடு சரிந்தாலே நீங்கள் போட்ட பணத்தில் பாதி கரைந்துவிடும். அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு வீட்டு விலைகள் சரிந்தபோது, பல இலட்சம் குடும்பங்களின் கடன் பாக்கி அவர்கள் வீட்டின் விலையையே மிஞ்சி நின்றது.

இளம் வயதில் ஒருவருடைய மிகப் பெரிய சொத்து, நல்ல வாய்ப்பு வரும் ஊருக்குத் தயங்காமல் போக முடிகிற சுதந்திரமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலையும் ஊரும் இன்னும் நிலைப்படவில்லை என்றால் வாடகையிலேயே இருங்கள். மாறாக, பத்து ஆண்டுகளாவது அங்கேயே இருப்பீர்கள் என்ற தெளிவும், முன்பணம் கொடுத்த பின்னும் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதிக்கு உண்மையிலேயே பெரிய மதிப்பு உண்டு.

வாடகையைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. கடன் வாங்கியவரைத் தவணை கட்டாயமாகச் சேமிக்க வைக்கிறது. வாடகையில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே வாடகைக்கும், வீடு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் மாதச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளம் வந்த அன்றே முதலீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.