‘கண்டக்‌ஷன்’ புரியவில்லை என்று டிப்ளமோவை விட வேண்டுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் தாய்க்கு வணக்கம். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த உங்கள் மகன், மின்னியல் டிப்ளமோவில் சேர ஆசையிருந்தும், பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘கண்டக்‌ஷன்’ போன்ற சொற்களைக் கண்டு பின்வாங்குவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மின்கடத்தலையும் வெப்பக் கடத்தலையும் அவர் பள்ளியிலேயே படித்துவிட்டார். இப்போது வந்திருப்பது அவற்றின் இன்னொரு பெயர் மட்டுமே.

சேர்த்து அழைத்துச் செல்லுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. பேருந்துக் கண்டக்டரின் பெயருக்கும் அதே வேர்தான். (துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்குக் ‘கடத்தல்’ என்றதும் தங்கம் நினைவுக்கு வருவது வேறு கதை.) 1729இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே, தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயிலிருந்து நீண்ட நூல்வழியே மின்சாரத்தைக் கொண்டுசெல்ல முயன்றார். நூலைத் தாங்கிய பட்டு இழை அறுந்ததும் மெல்லிய உலோகக் கம்பியைக் கட்டிப் பார்த்தபோது, மின்சாரம் மறுமுனையை எட்டவே இல்லை. இழையின் மெலிவு அன்று, அது எந்தப் பொருளால் ஆனது என்பதே மின்சாரத்தை வழியில் கசியவிடாமல் காக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ‘கண்டக்டர்’ என்ற சொல் மின்னியலில் புழங்கத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். இந்தச் சோதனையை உங்கள் மகனிடம் சொல்லி, கம்பி ஏன் கெடுத்தது என்று கேளுங்கள். காரணத்தைத் தமிழில் சொல்லிவிட்டாரானால் பாடம் அவருக்குக் கைவந்துவிட்டது என்றே நான் கொள்வேன்.

ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இப்போது அவசரமில்லை. பள்ளி அறிவியல் புத்தகத்தின் தமிழ்ச் சொற்களையும் அவற்றுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களையும், கடத்தி–கண்டக்டர், குறைகடத்தி–செமிகண்டக்டர், மின்தடை–ரெசிஸ்டன்ஸ் என்று எதிரெதிரே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்கும்வரை அது போதும்.

கணக்கு ஓரளவு வருமென்றால் மூன்றாண்டு டிப்ளமோவே சரி. கைவேலையில்தான் நாட்டம் என்றால், ஐ.டி.ஐ.யில் ஈராண்டு எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்துவிட்டு, நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.